வலது கன்னம்

பஸ் ஓட்டுகிறவளுக்கு முகம் இரண்டு.
இடது முகம் படியேறி வருகிறவர்களுக்கு:
ஒரு குட் மார்னிங், மைக்கி அட்டையின் கீச்சொலி,
ஸ்பிரிங்வேலில் கொத்தமல்லிக் கட்டோடு ஏறும்
வியட்நாம்காரிக்கு ஒரு தலையசைப்பு.
வலது முகம் வெயிலுக்கு.

இந்த நாட்டில் சூரியன் வடக்கே சாய்ந்து போகிறவன்.
டாண்டினாங்கிலிருந்து பிரைட்டன் வரை
என் வலப்பக்க ஜன்னலோரமாகவே வருவான்.
ஒன்பது வருடம்.
சுடவில்லை, அதனால் படவில்லை என்றிருந்தேன்.

மங்கு.
மங்கு சனி ஒரு சுற்று, பிறகு பொங்கு சனி என்பார்கள்.
என் கன்னத்துச் சனி
சுற்றாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

கழுத்து வேறு கதை.
மடிப்புக்கு மடிப்பு வெல்வெட்டுக் கருப்பு.
எலுமிச்சையில் சர்க்கரை தொட்டுத் தேய்த்தேன்
(சர்க்கரை! அதற்குப் பிற்பாடுதான் சிரித்தேன்).
ஒருநாள் பாத்திரம் விளக்கும் பச்சை நாரால்.
ரத்தம் வந்தது. கருப்பு வரவில்லை.

"குளிக்கும்போது கழுத்தையும் சேர்த்துக் குளிங்க அண்ணி"
என்றாள் நாத்தனார் பூங்கோதை.
அவளே ஒரு டப்பாவும் கொடுத்தாள். பதினெட்டு டாலர்.
மூடியில் நிலா. எந்த மொழியிலும் ஒரு எழுத்தில்லை.
பத்தாம் நாள் விடிந்தது.
இருபதாம் நாள் எரிந்தது.
நாற்பதாம் நாள் முன்னைவிட இருட்டு.

நோபிள் பார்க்கில் டாக்டர் ஹான்
அந்த டப்பாவைப் பிளாஸ்டிக் பையில் போட்டு
ஜிப்பை இழுத்தாள், கொலைக்கேசுத் தடயம் போல.
கன்னத்தைக் கொஞ்ச நேரம்தான் பார்த்தாள்.
பிறகு என் பின்னால் வந்து
பின்னலைத் தூக்கினாள்.
கல்யாணத்தில் தாலி முடிந்தபோது தூக்கினார்கள்,
அதற்குப் பிறகு யாரும் தூக்கிப் பார்த்ததில்லை.

"இது அழுக்கில்லை" என்றாள்.
ஆங்கிலத்தில்தான் சொன்னாள்.
எனக்குத் தமிழில் கேட்டது.

மூன்று மாதச் சர்க்கரை ஆறு புள்ளி மூன்று.
"எல்லைக்கோட்டில் நிற்கிறீர்கள்."
கோட்டில் நிறுத்துவதுதானே என் சம்பளம்
என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை.

கேரம் டவுன்ஸ் கோயிலில்
கறைக்கண்டனே, கறைமிடற்றானே என்று உருகுகிறார்கள்.
நஞ்சு நின்ற கழுத்து அது.
என் கழுத்தில் நின்றது
மூன்று வேளைச் சோறு, ஐந்து டீ,
டிப்போ மேசையில் யாரும் எண்ணாத பிஸ்கட்.

ராத்திரிக்கு ஒரு களிம்பு, பட்டாணி அளவு.
சாப்பாட்டுக்குப் பிறகு கடற்காயல் ஓரம் அரைமணி நடை.
பகலுக்கு நிறம் கலந்த சன்ஸ்கிரீன்.
மூன்று நிறத்தில் வருமாம்.
மூன்றிலும் நான் இல்லை.
நடுவிலுள்ளதைப் பூசிப் பார்த்தேன்:
சாம்பல் தூவிய கத்தரிக்காய்.
மூன்றோடு கொஞ்சம் காப்பிப்பொடி நிறப் பவுடரைக் குழைத்து
நானே ஒரு நாலாவது செய்துகொண்டேன்.

பிரைட்டன் முனையில் ஏழு நிமிட இடைவேளை.
முன்பு டீ, பிஸ்கட். இப்போது பூச்சு.
பக்கக் கண்ணாடியை என் பக்கம் திருப்பி
விரலால் வலது கன்னம், நெற்றி, காதுமடல்.
"டேட்டுக்குப் போறியா?" என்று
சக டிரைவர் ஸ்டாவ்ரோஸ் கத்துவான்.
ஆமாம், சூரியனோடு.

எட்டு மாதம். கழுத்து கொஞ்சம் இளகிற்று,
எடையும் ஐந்து கிலோ.
மங்கு ஆகஸ்டில் இறங்கிப்போய்
டிசம்பரில் திரும்ப ஏறியது,
பழைய பயணி, அட்டைகூடத் தட்டாமல்.
போகாது போலிருக்கிறது, முழுசாக.
பரவாயில்லை என்று எழுத ஆசைதான்.
சில காலைகளில் பரவாயில்லை. சில காலைகளில் இல்லை.

பிப்ரவரியில் பள்ளி திறந்த வாரம்.
முப்பத்தொன்பது டிகிரி.
ஒரு பெண், பதினான்கு இருக்கும்,
ஜாக்கெட் காலரைக் காதுவரை இழுத்துவிட்டு ஏறினாள்.
அட்டை கீழே விழுந்தது. குனிந்தாள்.
காலர் விலகியது.

வெல்வெட். நடுவில் ஒரு கீறல், புதுசு.
எனக்கு அந்தப் பச்சை நாரைத் தெரியும்.

யாரோ பெற்ற பிள்ளை. நான் யார் கேட்க?
பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது.
"இது அழுக்கில்லை" என்றேன்
பஸ் கம்பெனி இங்கிலீஷில்.

அவள் முன்சீட்டைக் குனிந்து பார்த்தாள்,
கையால் ஒருமுறை தட்டினாள்,
நன்றி சொல்லி உட்கார்ந்தாள்.

கதவை மூடினேன்.
வலப்பக்கமாக வெயில் ஏறிக்கொண்டது.